இரண்டு வியாழக்கிழமைகள்

பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு மணிக்கூண்டு என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் சொல்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும், உள்ளூர அதில் ஒரு பெருமையும் உண்டு. இருபத்தாறு வருடமாக அங்கே டைம்கீப்பர் வேலை. ஆள் நுழைந்தால் நாற்காலி நுழையாது என்கிற அளவில் ஒரு அறை, இரண்டு பக்கமும் ஜன்னல், நடுவே கோடு போட்ட பெரிய நோட்டு. உள்ளே வரும் ஒவ்வொரு பஸ்ஸின் டிரைவரும் ஜன்னல் வழியாக டிரிப் ஷீட்டை நீட்டுவார். அவள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள், எழுதுவாள், முத்திரை குத்துவாள்.

"ரயில்வே கேட் போட்டுட்டான் அக்கா" என்பார் ஒருவர். "வழியில ஒரே தண்ணி" என்பார் இன்னொருவர். அவள் தலையைத் தூக்கவே மாட்டாள். "பதினெட்டு கிலோமீட்டர். நாப்பத்தஞ்சு நிமிஷம். அம்பத்திரண்டுல வந்திருக்கீங்க. ஏழு." அவ்வளவுதான். ஏழு என்றால் ஏழு. தூரம் மாறாது, நேரம் மாறாது, இரண்டுக்கும் நடுவே மாறுவது மனுஷனுடைய வாய் மட்டும்தான் என்பது அவள் கட்சி.

அவளுடைய கணவர் வீடுகளுக்குத் தரை போடுகிறவர். தரை சமமா என்று ரசமட்டத்தை வைத்துப் பார்த்துப் பார்த்தே பொறுமை வந்துவிட்ட மனிதர். "ஒரு நூல் அப்படி இப்படித்தான் இருக்கும், விடு" என்று அவர் சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படியும் இருவரும் ஒரே வீட்டில் இருபது வருடம் சண்டையில்லாமல் ஓட்டிவிட்டார்கள். அவர் வாயைத் திறப்பது குறைவு என்பது அதற்குப் பாதிக் காரணம்.

அவளுக்குக் கூடப் பிறந்தது ஒரே ஒரு அக்கா. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் முன்பு கடல் தாண்டிப் போனவள். அக்காவுக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை இருந்தது, ஒட்டுதல் இல்லை. அதற்குக் காரணம் பதினோரு வருடம் முந்தைய ஒரு வியாழக்கிழமை.

அன்று காலை பத்து மணிக்கு அம்மா போய்விட்டாள். மணிக்கூண்டுதான் அக்காவுக்குப் போன் செய்தாள். மறுமுனையில் ஒரே அழுகை. அழுகைக்கு நடுவே அக்கா சொன்னாள்: "வியாழக்கிழமை காலைல பதினோரு மணி பிளேன் இருக்கு. அதுல எப்படியும் ஏறிடுறேன். நான் வர்ற வரைக்கும் அம்மாவ எடுத்துடாதீங்க."

பதினோரு மணிக்கு இன்னும் ஒரு மணி நேரம்தானே இருக்கிறது, போட்டது போட்டபடி கிளம்பிவிடுவாள் போலிருக்கிறதே என்று அந்தத் துக்கத்திலும் அவளுக்கு அக்காமேல் ஒரு மதிப்பு வந்தது. நேரடி பிளேன், பதினேழு மணி பத்து நிமிடம் என்று அத்தான் ஒருமுறை சொன்னது ஞாபகம் இருந்தது. கூட்டினாள். வெள்ளி விடியற்காலை நாலு பத்து. வீட்டுக்கு வர ஒன்றரை மணி நேரம் போட்டாலும் ஆறு மணிக்கு அக்கா வாசலில் நிற்க வேண்டும்.

ஆறு மணிக்கு வரவில்லை. எட்டுக்கும் வரவில்லை. சொந்தக்காரர்கள் கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பகல் பன்னிரண்டு வரைக்கும் இழுத்துப் பிடித்தார்கள். அதற்கு மேல் முடியவில்லை, எடுத்துவிட்டார்கள். அக்கா வந்தது அன்று இரவு ஒன்பதரைக்கு. பெட்டியை வாசலில் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்து வெறும் கட்டிலைப் பார்த்தவளிடம் தங்கை கேட்டாள்: "பதினேழு மணி நேரப் பயணம். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஏறினவ இப்ப வர்றே. மிச்ச நேரம் எங்க போயிருந்தே?"

"நேரா வர்றேன்டி. அங்க வியாழக்கிழமை வேற, இங்க வியாழக்கிழமை வேற."

"வியாழன்ல ஏது ரெண்டு வியாழன்?"

அங்கே பகலாக இருந்தால் இங்கே இரவு என்பதெல்லாம் மணிக்கூண்டுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அது வெளிச்சத்தின் சமாசாரம். விளக்குப் போடுகிறோமா, அணைக்கிறோமா என்பது. கிழமை எப்படி மாறும்? ரயில்வே கேட், தண்ணீர், டயர் என்று ஆயிரம் சாக்குக் கேட்ட காது அது. இதுவும் அந்த வரிசையில் ஒன்று என்று அவள் மனதில் முத்திரை குத்தியாகிவிட்டது. ஒரு வாரத்தில் அக்கா திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு போன். நல்லா இருக்கியா, இருக்கேன், வைக்கட்டுமா. அவ்வளவுதான்.

போன வருடம் அத்தானிடமிருந்து போன் வந்தது. அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன். அவருக்கு வேலை, வீட்டில் வேறு ஆள் கிடையாது. "மூணு வாரம் வந்து இருந்தேன்னா உங்கக்காவுக்குத் தெம்பா இருக்கும்மா. அவ கேக்க மாட்டா. நான் கேக்குறேன்" என்றார். அவள் யோசிக்க வேண்டும் என்றாள். அவளுடைய கணவர் பக்கத்தில் இருந்து, "போ" என்றார். பேசாதவர் ஒரு வார்த்தை பேசினால் அதற்குத் தனி எடை. டிப்போவில் இருபத்தொரு நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை முதல் மூன்றாம் சனிக்கிழமை வரை. அதற்கடுத்த ஞாயிறு மதியம் இரண்டு மணி டூட்டிக்கு வந்துவிடுவதாக மேனேஜரிடம் வாக்கும் கொடுத்தாள்.

டிக்கெட் தாள் வந்ததும்தான் வினை ஆரம்பித்தது. தூரம் பதின்மூன்றாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். ஞாயிறு காலை ஒன்பது இருபத்தைந்துக்குப் புறப்பாடு. ஞாயிறு காலை எட்டேகாலுக்குப் போய்ச் சேருதல். அவள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். புறப்படுவதற்கு ஒரு மணி பத்து நிமிடம் முன்பாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

"என்னங்க, இந்த பிளேன் கிளம்புறதுக்கு முன்னாடியே போயிடுதுங்க."

"நல்லதுதானே" என்றார் அவர்.

அடியில் பயண நேரம் பதினாலு மணி ஐம்பது நிமிடம் என்று இருந்தது. திரும்பி வரும் தாளில் அதே தூரம், அதே பாதை, ஆனால் பதினேழு மணி பத்து நிமிடம். போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம். அவளுடைய நோட்டில் ஒரு டிரைவர் இப்படி எழுதிக்கொண்டு வந்தால் மெமோதான்.

"மேல காத்து ஒரு பக்கமாவே அடிக்குமாம். போறப்ப தள்ளிவிடும், வர்றப்ப தடுக்கும்னு சொல்றாங்க" என்றார் கணவர்.

"பஸ்ஸுக்கும்தான் எதிர்க்காத்து அடிக்குது. அதுக்காக ரெண்டு மணி இருபது நிமிஷமா லேட்டா வர்றான்?"

கடைசியில் அவள் தனக்குத்தானே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். புறப்படும் நேரம், போய்ச் சேரும் நேரம் என்று அச்சடித்ததை நம்பக் கூடாது, அது எழுதினவன் கைத்தப்பு. எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பது மட்டும்தான் நிஜம். கூட்டிக்கொள்ள நமக்குத் தெரியாதா?

விமானத்தில் மதியச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போன கொஞ்ச நேரத்திலேயே வெளியே இருட்டிவிட்டது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பக்கம் வந்த பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, "எப்பம்மா போய்ச் சேரும்?" என்றாள்.

"காலைல எட்டேகாலுக்கு, மேடம்."

"எந்தக் காலை? நாளைக்கா?"

"இல்ல மேடம். இன்னைக்குக் காலை."

"இன்னைக்குக் காலை எட்டேகாலுக்கு நான் ஏர்போர்ட்ல பெஞ்சுல உக்காந்திருந்தேன்மா" என்றாள் அவள். அந்தப் பெண் சிரித்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தண்ணீர் குடித்தால் தெளியும் என்று நினைத்தாளோ என்னவோ.

இறங்கும்போது அவள் கடிகாரத்தில் பன்னிரண்டேகால், அவள் கணக்கில் நள்ளிரவு. வெளியே சுள்ளென்று வெயில். சரி, நண்பகல் என்று எடுத்துக்கொண்டாள். வாசலில் அக்கா ஒரு கைத்தடியை ஊன்றி நின்றிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. ஓடி வந்து கட்டிக்கொள்ளக் கால் இடம் கொடுக்கவில்லை, அங்கேயே நின்று கையை மட்டும் நீட்டினாள். தங்கை போய் அந்தக் கையைப் பிடித்தாள்.

"இன்னைக்கு என்ன கிழமை?" என்றாள் மணிக்கூண்டு.

"ஞாயித்துக்கிழமை."

"இன்னுமா?"

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அத்தான் அவளுடைய கடிகாரத்தைக் கழற்றி வாங்கி, முள்ளைத் திருகி எட்டே முக்கால் வைத்துத் திரும்பக் கட்டிவிட்டார். நாற்பது வயதுக்கு மேல் தன் கடிகாரத்தை இன்னொருவர் திருப்ப விட்டது அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

மூன்று வாரமும் அவளுக்கு உடம்பு ஒரு பக்கம், பொழுது ஒரு பக்கமாகத்தான் போனது. மதியம் சோற்றில் கை வைத்தபடியே தூங்கிவிழுந்தாள். ஆனாலும் வேலையில் குறை வைக்கவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அக்காவைக் காலை நீட்டித் தூக்கிப் பிடிக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் பக்கத்தில் கடிகாரத்தோடு நின்றாள். "பத்து விநாடி சொன்னாங்க. ஏழுல கீழ போட்டுட்டே. திரும்பத் தூக்கு." அக்கா வலியில் முனகிக்கொண்டே தூக்கினாள். இரண்டாம் வாரத்தில் சுவரைப் பிடித்து நடந்தாள். மூன்றாம் வாரம் தடியோடு வாசல்வரை வந்தாள்.

ஒரு பகல், துணி மடித்துக்கொண்டிருந்தபோது அக்கா மெல்ல ஆரம்பித்தாள். "அம்மா போனப்ப நான் வேணும்னு லேட்டா வரலடி."

"சரி, விடுக்கா. போனது போச்சு."

சொன்ன விதம்தான் தப்பு. ஜன்னலுக்கு வெளியே நிற்கும் டிரைவரிடம் டிரிப் ஷீட்டைத் திருப்பிக் கொடுக்கும் குரல் அது. அக்கா மடித்த துண்டையே எடுத்து உதறி மறுபடி மடித்தாள். பிறகு அந்தப் பேச்சே இல்லை.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குத் திரும்பும் விமானம். தாளில், மறுநாள் இரவு எட்டு பத்துக்குச் சேருமென்று அச்சடித்திருந்தது. வரும்போதே பொய் சொன்ன தாள்தானே என்று அவள் அதை மடித்துப் பைக்குள் போட்டாள். பதினொன்றோடு பதினேழு பத்தைக் கூட்டினாள். ஞாயிறு விடியல் நாலு பத்து. வீட்டுக்குப் போய்க் குளித்து, ஒரு தூக்கம் போட்டுவிட்டு, இரண்டு மணி டூட்டிக்குப் போய்விடலாம். காது வலிக்கும் என்று பஞ்சை அடைத்துக்கொண்டாள். எதிரே இருந்த திரையில் ஒன்றுக்கொன்று ஒத்துவராத மூன்று மணிகள் ஓடின. அணைத்துவிட்டாள்.

அவள் கடிகாரத்தில் நள்ளிரவு ஆனபோதும் ஜன்னல் மூடியின் இடுக்கில் வெயில் வழிந்தது. மேகத்துக்கு மேலே போய்விட்டால் ராத்திரியே கிடையாது போலும் என்று நினைத்தாள். அப்படியானால் போகும்போது மட்டும் எப்படி மத்தியானத்திலேயே இருட்டியது? அதற்கு மேல் யோசித்தால் தலை கிறுகிறுத்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

சக்கரம் தரையைத் தொட்டபோது கடிகாரம் சரியாக நாலு பத்து. வெளியே கும்மிருட்டு. அவளுக்கு அப்படி ஒரு திருப்தி. பார், கணக்கு என்றால் கணக்கு.

வெளியே கணவர் நின்றிருந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டு, "சாப்டியா?" என்றார்.

"இந்த நேரத்துல யாருங்க சாப்பிடுவா? வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டு ரெண்டு மணி டூட்டிக்குப் போகணும்."

"எந்த ரெண்டு மணி?"

"இன்னைக்குத்தான். ஞாயித்துக்கிழமை மத்தியானம்."

அவர் அவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். "மத்தியானம் போயிடுச்சு. மூணு மணிக்கே டிப்போலேர்ந்து ஆள் வந்து கேட்டுட்டுப் போனான். ஆப்சென்ட் போட்டுட்டாங்களாம். இப்ப ராத்திரி எட்டே முக்கால்."

தலைக்கு மேலே தொங்கிய கடிகாரத்தை அவள் பார்த்தாள். எட்டே முக்கால். அது ஓடவில்லையோ என்று ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். ஓடியது. பக்கத்தில் டீ விற்றவரிடம் கேட்டாள். எட்டே முக்கால். போலீஸ்காரரிடம் கேட்டாள். எட்டு நாற்பத்தாறு. ஊரே சேர்ந்துகொண்டு தன்னை ஏமாற்றுகிறது என்று ஒரு கணம் தோன்றியது. சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஏறினேன். எங்கும் இறங்கவில்லை. வழியில் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பதினேழு மணி நேரம்தான் உட்கார்ந்திருந்தேன். மிச்சம் பதினாறு மணி நேரத்தை நான் என்ன செய்தேன்?

"நான் நேராத்தாங்க வந்தேன்" என்றாள். குரல் அவளுடையதுபோலவே இல்லை.

"யாரு இல்லைன்னா?"

பெட்டியை வைத்த தள்ளுவண்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். விரல்விட்டு எண்ணினாள். விடியல் நாலு பத்துக்கு வர வேண்டியது, இரவு எட்டு பத்து. அன்றைக்கு வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வாசலில் நிற்க வேண்டிய அக்கா, ஒன்பதரைக்கு நின்றாள். எப்படி எண்ணினாலும் அதே பதினாறு வந்தது, கொஞ்சம் முன்னே பின்னே. ஏன் அந்தப் பதினாறு, அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவளுக்கு இப்போதும் புரியவில்லை. ஆனால் அதை அக்கா எடுத்துக்கொள்ளவில்லை என்பது மட்டும் புரிந்தது.

"உங்க போனக் குடுங்க" என்றாள். அவள் தன்னுடையதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

மூன்றாவது மணி அடிக்கும்போதே அக்கா போனை எடுத்தாள். "நல்லபடியா எறங்கிட்டியாடி?"

"அக்கா, நீ நேராத்தான் வந்திருக்கே."

"எங்க வந்தேன்?"

"அம்மா போன அன்னைக்கு. நீ எங்கயும் போகல. நேரா வீட்டுக்குத்தான் வந்தே."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இங்க என்ன மணின்னு தெரியுமா உனக்கு?" என்றாள் அக்கா.

"தெரியாது. எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. அத சொல்லத்தான் கூப்பிட்டேன்."

இருவரும் அழுதார்கள். கணவர் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி, வருகிற போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் டிப்போவில் விஷயம் காட்டுத்தீயாகப் பரவியிருந்தது. இருபத்தாறு வருடத்தில் ஒரு நிமிடம் தவறாதவள் ஆப்சென்ட்! டிரைவர்களுக்குக் கேட்க வேண்டுமா? ஒருவர் டிரிப் ஷீட்டை நீட்டும்போதே, "அக்கா, கேட் போட்டுட்டானா?" என்றார். அவள் முத்திரையைக் குத்தினாள். காது மட்டும் சிவந்தது.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். அவர் நல்ல மனிதர், ஆனால் படிவம் படிவமாக இருக்க வேண்டும் அவருக்கு. "மூணு கட்டம் இருக்கும்மா. தாமதம், விடுப்பு, வராமை. எதுல டிக் போடுறது?"

"எனக்குத் தெரியல சார். சனிக்கிழமை காலைல கிளம்பினேன். பதினேழு மணி நேரம்தான் ஆச்சு."

"அப்ப ஞாயித்துக்கிழமை காலைலயே வந்திருக்கணுமே?"

"அதத்தான் நானும் கேக்குறேன் சார்."

கதவோரம் நின்ற ஒரு டிரைவர் புகுந்தார். "சார், போறப்ப அக்காவுக்கு ரெண்டு தடவ ஞாயித்துக்கிழமை கெடச்சுச்சாம். அதுல ஒண்ண எடுத்து இதுக்கு ஈடு பண்ணிடுங்க."

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். மேனேஜர் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டார். ஒரு வெள்ளைத்தாளில் போகும்போது பதினாறு வரவு, வரும்போது பதினாறு செலவு என்று எழுதினார். அப்படியானால் லீவு இருபத்தொரு நாளா, இருபத்திரண்டா என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தானே அடித்தார். அரை மணி நேரம் ஆனது. "மேல அனுப்பிடுறேன். அவங்களே முடிவு பண்ணட்டும். நீங்க ஒரு விளக்கம் எழுதிக் குடுங்க" என்றார்.

அவள் நாலு தடவை எழுதிக் கிழித்தாள். ஐந்தாவதாக இரண்டே வரி எழுதினாள். வந்து சேரும் நேரம் பயணச்சீட்டில் சரியாகத்தான் இருந்தது. நான் அதை நம்பாமல் என் கணக்கை நம்பினேன்.

ஒன்றரை மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. விளக்கம் தெளிவாக இல்லை, கால வேறுபாட்டைத் தகுந்த ஆதாரத்துடன் மீண்டும் விளக்கவும் என்று இருந்தது. மேனேஜர் அவளைப் பார்த்தார்.

"வராமைன்னே போட்டுடுங்க சார்" என்றாள் அவள். "நான் அன்னைக்கு இங்க இல்ல. அது மட்டும் நிச்சயம்."

அவர் டிக் போட்டுக் கோப்பை மூடினார்.

இப்போது அக்காவிடம் வாரத்துக்கு மூன்று நாள் பேசுகிறாள். கூப்பிட்டதும் முதலில், "அங்க என்ன கிழமை?" என்று கேட்பாள். அக்கா சொல்வாள். அதைக் கேட்டுவிட்டு, அந்தக் கிழமை தனக்கு முடிந்துபோனதா, இனிமேல்தான் வரப்போகிறதா என்று சிறிது நேரம் தடுமாறிவிட்டு, பிறகு கால்வலி எப்படி இருக்கிறது என்று கேட்பாள். அடுத்த கோடையில் அக்கா வருகிறாள். எத்தனை மணிக்கு விமானநிலையம் போக வேண்டும் என்பதை இந்த முறை கணவரைத்தான் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறாள்.